மழையில்லாமல் ஏறிய தண்ணீர்

நான் ஒரு முட்டாள். இதை யாரும் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டாம். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். கடல் என்பது எதிர்க்கரை கட்டாமல் விட்ட கண்மாய், அவ்வளவுதான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் முன்சீப் கோர்ட்டு வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னவன் நான்தான். அதைக் கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் என்னைவிடப் புத்திசாலிகள் அல்ல என்பதையும் கூடவே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாலு பேரும் வக்கீல் குமாஸ்தாக்கள். நான் கோர்ட்டு வாசல் வாகை மரத்தடியில் மனுவும் பத்திரமும் எழுதிக் கொடுப்பவன். குமாஸ்தாக்களில் மூத்தவர் ஒருமுறை சாத்தூர் ரயிலடிக்குப் போய் ரயிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார், ஏறவில்லை, பார்த்தார். அந்தப் பயணத்தை அவர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்ல ரயிலின் நீளம் கூடிக்கொண்டே வந்தது. எனக்கு அவர்மேல் அளவில்லாத இளக்காரம். நானும் சாத்தூரைத் தாண்டியதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

தண்ணீரைப் பற்றி எனக்கு ஒரு பெருமை இருந்தது. எங்கள் கண்மாய் பெருகிக் கிடக்கும் காலத்தில் பனைமரத்தைக் குடைந்த தோணியில் தனியாக மடையிலிருந்து அக்கரை வரை போய்வருவேன். கரையில் துணி துவைப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். தோணி கவிழ்ந்தால் எழுந்து நின்றுகொள்ளலாம். தண்ணீர் இடுப்புக்கு மேல் வராது. என் சாகசங்கள் எல்லாம் அந்த ஆழத்தில் நடந்தவை.

"ஏம்ப்பா, கண்மாயில தோணி தள்ளுறவன்லாம் கடலப் பத்திப் பேச ஆரம்பிச்சா, கடல் எங்க போயி முட்டிக்கிடும்?" என்றார் மூத்த குமாஸ்தா.

"தசரா லீவுக்குக் கடக்கரைக்குப் போறேன். ஒத்தையா வள்ளம் தள்ளிக்கிட்டு ஆளில்லாத தீவு ஒண்ணுக்குப் போயி, அதச் சுத்தி நடந்துட்டு வாரேன். நீங்க அதுக்குள்ள ரயிலுக்கு இன்னும் ரெண்டு பெட்டி சேத்து வைங்க" என்றேன்.

நாக்கு ஓடிய பிறகுதான் கால் ஓட வேண்டியிருந்தது. ராஜபாளையத்தில் பஞ்சும் வத்தலும் வியாபாரம் செய்த ராவுத்தர் ஒருவருக்கு நான் மனு எழுதிக் கொடுத்த பழக்கம் உண்டு. அவருடைய வண்டிகள் கிழக்கே கடற்கரைக்குச் சரக்கு கொண்டுபோய், உப்பும் கருவாடும் ஏற்றித் திரும்பும். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க எனக்கு ஒரு மரைக்காயர் பழக்கம். மீன்பிடிக்கிற மனுசன், தங்கமானவிய. நாஞ் சொன்னா வள்ளம் குடுப்பாவ. ஆனா ஒங்க வேடிக்கைப் பேச்ச அங்க கொறைச்சிக்கிடுங்க. நீங்க பேசுறதுல எது நெசம், எது வெளாட்டுன்னு அவியளுக்குத் தெரியாது."

"அது எனக்கே தெரியாது, ராவுத்தரே."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் அடுத்து வந்த எல்லாவற்றையும் செய்தேன்.

நாலு நாள் பஞ்சுப் பொதிமேல் குலுங்கிக்கொண்டு போய்க் கடலைப் பார்த்தேன். பார்த்ததும் ஏமாற்றம். இத்தனை தண்ணீர் கிடக்கிறது, ஒரு மடை இல்லை, ஒரு வயலுக்குப் பாயவில்லை, மாடுகூடக் குடிக்காது. எங்கள் ஊரில் இப்படி ஒரு கண்மாய் இருந்தால் வெட்டினவனைத் திட்டித் தீர்த்திருப்பார்கள்.

மரைக்காயருக்கு ஐம்பது வயதிருக்கும். ஒட்டிய வயிறு, உப்பில் வெளுத்த புருவம். அவருக்கு இருந்தது ஒரே ஒரு சின்ன வள்ளம். அது சாயங்காலம் கடலில் இறங்கினால் மறுநாள் காலை அந்த வீட்டில் உலை ஏறும், இறங்காவிட்டால் ஏறாது. இதை அவரே சொன்னார். அதையும் நான் ஏதோ வேடிக்கையாக்கிச் சிரிக்கவைத்தேன். அன்று பொழுது சாய்வதற்குள் கதவுக்குப் பின்னால் இருந்த அவர் மனைவிகூட என் பேச்சுக்குச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். மறுநாள் காலையில் நான் வாயைத் திறக்குமுன்பே மரைக்காயர் முகத்தில் சிரிப்பு வந்து உட்கார்ந்திருந்தது. இதைவிடப் பெரிய ஆபத்து ஒரு வேடிக்கைக்காரனுக்குக் கிடையாது.

வள்ளத்தைத் தள்ளிக் கொடுத்துவிட்டு அவர் சொன்னார்: "அசர் தொழுகைக்குள்ள வந்துருங்க. சாயங்காலம் நான் வலைக்குப் போவணும், இத விட்டா எனக்கு வேற கதி இல்ல. தீவுல எறங்குனதும் வள்ளத்த நல்லா மேட்டுல இழுத்துப் போடுங்க. முடியலன்னா நங்கூரத்தப் போடுங்க. தண்ணி ஏறும்."

"மழையே இல்லையே மரைக்காயரே. தண்ணி எப்படி ஏறும்?" என்றேன்.

மரைக்காயர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஓடிப்போய் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாளும் சிரித்தார். என் ஆயுளில் நான் விளையாட்டில்லாமல் கேட்ட கேள்விகள் கொஞ்சம்; அவற்றில் இப்படிச் சிரிப்பு வாங்கியது இது ஒன்றுதான். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

எங்கள் பக்கத்தில் தண்ணீர் ஏறுவதற்கு ஒரே காரணம், மேற்கே மலையில் மழை பெய்து ஓடை வருவது. இறங்குவதற்கும் ஒரே காரணம், யாரோ மடையைத் திறப்பது. இரண்டும் நடக்காத நாளில் தண்ணீர் காலையில் எங்கே நின்றதோ அங்கேயேதான் மாலையிலும் நிற்கும். தண்ணீர் என்றால் அப்படித்தான் என்று முப்பது வருஷம் பார்த்துத் தேர்ந்தவன் நான். தினம் இரண்டு தரம் தானாக ஏறி இறங்கும் தண்ணீரை யாரும் எனக்கு அறிமுகப்படுத்தவில்லை.

கடல் அன்று சாதுவாகக் கிடந்தது. துடுப்பைப் போட்டு நானே தள்ளிக்கொண்டு போனேன். தீவு கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். இதற்கா இத்தனை பேர் பயப்படுகிறார்கள் என்று கடலைப் பார்த்து இரண்டு வார்த்தை ஏளனமாகச் சொன்னதும் நினைவிருக்கிறது. அது கேட்டுக்கொண்டது போல.

தீவில் வள்ளத்தின் மூக்கை இரண்டு முழம் மணலில் ஏற்றினேன். தேங்காய் அளவு கல் ஒன்றைக் கயிற்றின் நுனியில் வைத்தேன். எங்கள் கண்மாயில் தோணிக்கு அதுவே அதிகம். நங்கூரத்தைப் பார்த்தேன், பயந்தவன் சாமான் என்று அதை வள்ளத்திலேயே விட்டேன். மணல் மெத்தென்றிருந்ததால் செருப்பையும் விட்டேன். கட்டுச்சோற்றையும் தண்ணீர்க் குடுக்கையையும் மட்டும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மணல் கொஞ்ச தூரம்தான். அப்புறம் கரையெல்லாம் செத்துப்போன பவளக்கல், சுண்ணாம்புக் காளவாயைக் கொட்டிக் கவிழ்த்ததுபோல. காலை வைத்தால் கிழித்தது. உள்ளே போனால் முள். முள்ளைத் தாண்டினால் தாழம்புதர், அதுவும் முள். மனிதத் தடம் ஒன்றுகூட இல்லை. நண்டுகள் மட்டும் கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, பார்க்கத் தகுந்த ஆள் இல்லை என்று வளைக்குள் போயின. இந்தத் தீவுக்குப் பத்திரம் எழுதினால் எப்படி எழுதுவேன் என்று யோசித்தேன். கிழக்கெல்லை கடல், மேற்கெல்லை கடல், தெற்கும் வடக்கும் அதே கடல். இப்படிப்பட்ட பத்திரத்தை எந்தப் பைத்தியக்காரனும் வாங்க மாட்டான். பொழுது போவதற்காக ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு குமாஸ்தாவின் பெயரை வைத்துக்கொண்டே போனேன். இருந்ததிலேயே சப்பையான முட்புதரை மூத்தவருக்குக் கொடுத்தேன். கோர்ட்டு வாசலில் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று வாய்விட்டுப் பேசியும் பார்த்தேன். பறவைகள் எழுந்து பறந்தன. என் கதையை முதலில் கேட்டுவிட்டு எழுந்து போனவை அவைதான்.

சுற்றி முடித்து இறங்கின இடத்துக்கு வந்தால் வள்ளம் இல்லை. நான் கல் வைத்த இடமும் இல்லை. அங்கே தண்ணீர் நின்றது. என் முதல் எண்ணத்தை அப்படியே எழுதுகிறேன், சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்: எந்தப் பயலோ எங்கேயோ மடையைத் திறந்து இந்தப் பக்கம் விட்டுவிட்டான்.

அப்புறம்தான் வள்ளம் கண்ணில் பட்டது. யாரும் இல்லாமல், அவசரமும் இல்லாமல், கரையோரமாகவே கிழக்கே போய்க்கொண்டிருந்தது. குதித்து நீந்தினேன். நான் ஒரு கை போட்டால் அது இரண்டு கை போட்டது. உப்புத் தண்ணீரை இரண்டு வாய் குடித்தபின், எங்கள் கண்மாயில் எழுந்து நிற்பதுபோல எழுந்து நிற்கப் பார்த்தேன். காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அந்த ஒரு விநாடியில் நான் மனதுக்குள் பேசிய அடக்கமான பேச்சை என் வீட்டார் யாரும் கேட்டதில்லை.

எப்படியோ கரையேறி, வள்ளத்தைப் பார்த்துக்கொண்டே பவளக்கல்மேல் ஓடினேன். தீவின் கிழக்கு முனையில் கல்திட்டு ஒன்று கடலுக்குள் நீண்டு கிடந்தது. வள்ளம் போய் அதில் சிக்கியது. ஒவ்வொரு அலையும் அதைத் தூக்கிக் கல்லில் போட்டது. நான் போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது ஒரு வீட்டுச் சோற்றுப் பானை இடிபடும் சத்தம் என்பது எனக்கு அப்போதாவது புரிந்தது. தோளைக் கொடுத்து நெம்பி, திட்டுக்கு உள்பக்கம் மணல் இருந்த இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். துடுப்பு போயிருந்தது. அடிப்பலகையின் பொருத்து விட்டிருந்தது. நான் இறைக்க இறைக்கத் தண்ணீர் வந்தது. நங்கூரமும் செருப்பும் மட்டும் பத்திரமாக இருந்தன. மறுபடி இந்தத் தண்ணீரை நம்பத் தயாராக இல்லாததால், கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்றேன். என் திறமைக்குப் பழக்கமான ஆழம்.

அசர் நேரம் கடந்து வெயில் மஞ்சளாகும்போது, இரவல் வாங்கிய கட்டுமரத்தில் மரைக்காயர் பக்கத்து வீட்டுக்காரரோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே வள்ளத்துக்குப் போய்ப் பலகைப் பொருத்தில் விரலை ஓட்டினார்.

"கல்லுல எம்புட்டு நேரம் கெடந்துச்சு?"

"செத்த நேரந்தான். தண்ணி ஏறிருச்சு, மரைக்காயரே."

அவர் நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தார். "அப்ப காலையில நீங்க கேட்டது வெளாட்டு இல்லையா?"

"இல்ல."

அவர் கட்டுமரத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். மரைக்காயர் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வள்ளத்தைக் கரைக்குக் கட்டி இழுத்துவந்து கவிழ்த்துப் போட்டார்கள். நாலு நாள் வேலை. விட்டுப்போன பொருத்துகளில் பஞ்சைத் திரித்து வைத்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூச வேண்டும். நான் உட்கார்ந்து வந்த அதே ராஜபாளையத்துப் பஞ்சில் ஒரு பிடி எடுத்து, விதை பொறுக்கித் திரித்துக் கொடுத்தேன். குங்கிலியமும் இடித்தேன். இவற்றில் ஒன்றையும் நான் ஒழுங்காகச் செய்யவில்லை. மரைக்காயர் என் திரியைப் பிரித்து, மறுபடி தானே திரித்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வரும்: "அந்தக் கோர்ட்டுக்காரரு கஞ்சி குடிச்சாவளான்னு கேளுங்க. வாசலுக்குத் தண்ணி ஏறுறதுக்குள்ள குடிக்கச் சொல்லுங்க." அக்கம்பக்கத்துப் பெண்கள் சிரிப்பார்கள். அந்த ஏச்சு எனக்குச் சுகமாகத்தான் இருந்தது. சுகமில்லாதது வேறொன்று. காலையில் மற்ற வள்ளங்கள் கரையேறும்போது ஆளுக்கு இரண்டு மீனை மரைக்காயர் முன்னால் போட்டுவிட்டுப் போவார்கள். அவர் யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் அவற்றைப் பொறுக்கி எடுப்பார். அந்த நாலு நாளும் எனக்கு வேடிக்கைப் பேச்சு வரவில்லை. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து, என்னைப் பஞ்சோடு ஏற்றி வந்த ராவுத்தரின் வண்டிக்காரர் எனக்குக் காய்ச்சல் என்று நினைத்துவிட்டார்.

கோர்ட்டு வாசலில் பிற்பாடு நான் இந்தக் கதையைச் சொன்னபோது அதில் ஒரு புயல் இருந்தது. மூத்த குமாஸ்தா மரியாதையோடு கேட்டார். அவர் ரயிலும் என் புயலும் ஒரே பட்டறையில் செய்தவை என்று இருவருக்கும் தெரியும். அன்று முதல் ஒருவர் கதையை ஒருவர் கேள்வி கேட்பதில்லை.

ஐந்தாம் நாள் வள்ளத்தைத் தண்ணீரில் விட்டார்கள். மரைக்காயர் குனிந்து உள்ளே தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். உப்பு மூட்டைமேல் எனக்கு இடம் போட்டு வண்டியும் தயாராக நின்றது. நாலு நாளாக அடக்கி வைத்த வாய், கிளம்பும் நேரத்தில் சும்மா இருக்கவில்லை.

"மரைக்காயரே, அடுத்த தசராவுக்கு வந்தா வள்ளத்தத் தருவீயளா?"

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"மழை பெஞ்சா பாப்போம்."