கடைசிப் பக்கத்தில் ஒரு பெயர்

ஆய்வேட்டின் கடைசியில் வரும் துணைநூற்பட்டியலைச் சீர்செய்து தருவதற்கென்றே அம்பத்தூரில் ஒருவர் கடை வைத்திருந்தார். அவரிடம் போகச் சொன்னவர் என் வழிகாட்டிப் பேராசிரியர். கடைக்காரருக்கு நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடி, வாயில் எப்போதும் பாக்கு. எந்த ஆய்வேட்டையும் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். தலைப்பைக்கூடப் பார்க்க மாட்டார். பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

செம்பரம்பாக்கம் ஏரி பற்றிய என் ஆய்வேட்டை வாங்கிப் பட்டியலை ஒழுங்குபடுத்தித் தந்தார். அதில் எனக்குத் தெரியாத ஒரு பேராசிரியரின் கட்டுரைகள் புதிதாக முளைத்திருந்தன.

“இவர் யாருங்க? நான் இவரைப் படிச்சதே இல்லையே!”

“படிக்காங்காட்டி இன்னா மேடம்? பேரு இருக்கா இல்லியா, அதான் மேட்டரு.”

“படிக்காததை எப்படிப் போடறது? எடுத்துடுங்க.”

“எடுத்துடறேன். அப்பால என்னாண்ட வந்து அழக்கூடாது.”

யாரிடமோ கைநீட்டிவிட்டுப் பெயரைச் செருகுகிறார் என்றே நினைத்தேன். பக்கத்திலேயே நின்று நீக்க வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் யார் என்பதைப் பல்கலைக்கழகம் மாணவர்களுக்குச் சொல்லாது; வழிகாட்டிக்கு மட்டும்தான் முன்கூட்டியே தெரியும். வாய்மொழித் தேர்வன்றுதான் எனக்குத் தெரிந்தது, நான் நீக்க வைத்த அதே பெயர்க்காரர்! என் ஆய்வேட்டைக் கையில் எடுத்தவர், பின்பக்கத்திலிருந்து திறந்தார். அவர் விரல் பட்டியலில் மெதுவாக இறங்கி, தன் பெயர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றது.

பட்டம் இழுபறிக்குப் பிறகு வந்தது. இன்றும் அந்தக் கடையைக் கடக்கும்போது உள்ளே எட்டிப் பார்க்கிறேன், என் வழிகாட்டி உட்கார்ந்திருக்கிறாரா என்று.