திரையைத் தொடாதீங்க அக்கா

கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனுக்குக் கம்ப்யூட்டரால் வரும் தொல்லை குறைவு. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களால் வருவதுதான் அதிகம். இதே தொழிலில் மாரடிக்கும் நண்பர்களே, நீங்கள் தலையாட்டுவது எனக்குத் தெரிகிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடியில் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். என் மனதுக்குள் மடையர்கள் பட்டியல் ஒன்று உண்டு. அது நீண்டிருக்கிறதே தவிர, ஒருநாளும் குறைந்ததில்லை.

அதில் பாதிப் பேர் மானிட்டரின் ரெசல்யூஷனில் கோட்டை விட்டவர்கள். விஷயம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. திரையில் குறுக்கே இத்தனை புள்ளி, நெடுக்கே இத்தனை புள்ளி என்று தயாரிக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அந்த எண்ணிலேயே வைத்தால் படம் தெளிவாக இருக்கும். எழுத்து பொடியாகத் தெரிந்தால், எழுத்தை மட்டும் பெரிதாக்க அதே செட்டிங்ஸ் பக்கத்தில் வேறோர் இடம் இருக்கிறது. அவ்வளவுதான். இதைச் செய்யாமல் நம் ஆட்கள் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று கேளுங்கள்.

மச்சானுக்கு ஒரு 4K

சாலாக் செலாத்தானிலிருந்து ஓர் அங்கிள் வந்தார். மேஜையில் வைக்கச் சின்ன மானிட்டர் வேண்டும், ஆனால் 4K-தான் வேண்டும் என்றார். வேலை என்னவென்றால், வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கங்களைப் படிப்பது. இவ்வளவு சின்னத் திரையில் அத்தனை புள்ளிகளையும் திணித்தால் எழுத்து எறும்பு மாதிரி ஊரும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்கிறவராகத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, பாசார் கடையில் வாங்கிய பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு திரையைத் தடவிக்கொண்டிருந்தார். எழுத்தைப் பெரிதாக்கித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம், பெரிதாக்கினால் 4K போய்விடுமாம். படிக்கவே முடியாததை எதற்கு வாங்கினீர்கள் என்றதற்குக் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "படிக்கிறதுக்கா வாங்குனேன்? என் மச்சான் வீட்டு டிவியில 4K இருக்கு தம்பி. அவன் வந்தா பாக்கட்டும்னு வாங்குனேன்."

கிள்ளானில் முதல் நாள்

கிள்ளானில் ஒரு லோரிக் கம்பெனி. அங்கே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் என் பொறுப்பில் இருந்தன. எந்த லோரி எந்தக் கிடங்குக்குப் போகவேண்டும் என்று திரையைப் பார்த்து அனுப்பிவைப்பது லெட்சுமி அக்காவின் வேலை. வயது ஐம்பத்தாறு, அதில் பாதிக்கு மேல் அந்த நாற்காலியில் கழித்தவர். முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்ததும் அவருடைய பழைய சதுர மானிட்டரைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஓர் அகலத் திரை வாங்கினார். நான் போய் மாட்டி, சரியான ரெசல்யூஷனை வைத்துக் கொடுத்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறதே என்று அக்கா மெதுவாகக் கேட்டார். பழகிவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஃபெடரல் ஹைவே ஜாமுக்கு முன்னால் வீடு போய்ச் சேரவேண்டும் என்பதுதான் அப்போது என் கவலை.

பத்து நாளில் முதலாளி மகன் போன் செய்தார், ஸ்கிரீன் ரோசாக் ஆகிவிட்டது என்று. போய்ப் பார்த்தால் ஒன்றும் கெடவில்லை. அக்காவே நோண்டி, பழைய மானிட்டரின் ரெசல்யூஷனைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். எழுத்தெல்லாம் பெரிதாகி, மங்கி, பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு நிற்கிறது. பட்டியலில் இன்னொரு பெயர் என்று எரிச்சலோடு நான் வைத்தபடியே திரும்ப மாற்றினேன். அதோடு விட்டேனா? யாரும் மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டேன். இனித் திரையைத் தொடாதீங்க அக்கா என்று ஆபிஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அக்கா எழுந்து நின்று பதில் சொன்னார்: "சரி தம்பி. நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாதான் இருக்கும்."

ஒல்லி மாப்பிள்ளை, ஒல்லிப் பெண்

எங்கள் தெருவிலேயே குணா என்று ஒரு கல்யாண போட்டோக்காரர். அகலத் திரையில் சதுரத் திரையின் ரெசல்யூஷனை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டியிருக்கிறார். திரையில் எல்லா முகமும் இட்லி மாதிரி அகலமாகத் தெரிந்ததால், ஒவ்வொரு படத்தையும் பக்கவாட்டில் நசுக்கிச் சரிசெய்திருக்கிறார். அச்சில் வந்த ஆல்பத்தில் பெண், மாப்பிள்ளை, சம்பந்தி, சமையல்காரர் உட்பட எல்லாரும் முருங்கைக்காய்.

தொழில் தெரிந்தவருக்கு இதுகூடத் தெரியாதா என்று நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுச் சரிசெய்தேன். இரண்டே வாரத்தில் படியேறி வந்தார், முகம் தொங்கிப்போய்: "அண்ணே, பழையபடி மாத்திக் குடுத்துருங்க லா. உள்ள சைஸ்ல குடுத்தா பொண்ணோட அம்மா சண்டைக்கு வராங்க."

கிள்ளானில் கடைசி நாள்

மறுபடியும் கிள்ளானிலிருந்து போன். ஷா ஆலம் போகவேண்டிய லோரியை அக்கா வேறெங்கோ அனுப்பிவிட்டாராம், மூன்றாவது முறையாக. நான் போனதும் முதலாளி மகன் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: கம்ப்யூட்டரில் கோளாறா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கோளாறு இல்லையென்றால் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆள் போடப்போகிறார்.

அக்கா மூக்கு இடிக்கிற அளவுக்குத் திரையோடு ஒட்டிக்கொண்டிருந்தார். வரிசை மாறாமலிருக்க ஓர் அடிக்கோலைத் திரைமேல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அவர் வாய்விட்டுப் படித்த லோரி எண்ணில் மூன்று, எட்டாகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன். குரலைத் தாழ்த்தி அவரே சொன்னார். கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள், இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இது தெரிந்தால் இன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்றுதான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

எழுத்தைப் பெரிதாக்கும் இடத்துக்குப் போய் நூற்றைம்பது சதவீதம் என்று வைத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுவதையும் தடங்கல் இல்லாமல் படித்தார். மச்சானுக்குக் காட்ட மானிட்டர் வாங்கியவரிடம் வலியப் போய்ச் சொன்ன வித்தையை, சோற்றுக்கு வழி போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்தவரிடம் நான் சொல்லவில்லை.

முதலாளி மகனிடம் போய், கோளாறுதான், நான் வைத்ததில்தான் தப்பு, அக்கா மேல் ஒன்றுமில்லை என்றேன். அப்படியென்றால் இனி உன்னை எதற்குக் கூப்பிடவேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து அங்கே வேறு ஆள் போகிறார். அக்கா மட்டும் ஆபரேஷன் முடிந்து இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். அன்றைக்கு என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து நின்றேன். அவர் சொன்னது இதுதான்: "மூணு தடவ வந்தீங்க தம்பி. மொத ரெண்டு தடவையும் மானிட்டரைத்தான பாத்தீங்க."

மடையர்கள் பட்டியல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஒரு பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன்.