சந்தனம் வைத்த நாணயங்கள்

நாணயம் சேர்ப்பவன் திருடனுக்குக்கூடப் பயப்பட வேண்டாம், புளிக்குப் பயப்பட வேண்டும். பழைய செம்பின் மேல் ஏறியிருக்கும் பழுப்புதான் அதன் அழகே. தேய்த்தால் போச்சு. புதிதாக வரும் வெள்ளி நினைவு நாணயமோ முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி. விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். "நம்ம புள்ளையக்கூட இப்படிப் பதனமாத் தூக்குனதில்லீங்க நீங்க" என்று என் மனைவி இடித்துக்காட்டுவாள்.

என் சேகரிப்பில் எனக்கு உயிர் ஒரு செம்புப் பதக்கம். எப்போதோ ஒரு நூற்பாலையின் திறப்பு விழாவுக்காக அடித்தது. ஒரு பக்கம் வெடித்த பருத்திக் காய். கருப்பட்டி நிறத்தில் அப்படியொரு பழுப்பு.

மாமியார் தவறியபின் மாமனாரை நாங்கள்தான் வற்புறுத்தித் தாராபுரத்திலிருந்து திருப்பூருக்கு அழைத்துவந்தோம். வேலையை விட்டு ஊரோடு போகும்வரை இங்கே ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு முள்மேல் இருப்பதுபோல. தண்ணீர் பிடிப்பார், கீரை ஆய்வார். "சும்மா இருங்க மாமா" என்றால், "சும்மா இருந்தா சோறு எறங்கலீங்க மாப்ளை" என்பார்.

அந்த ஆயுத பூஜையன்று நானும் மனைவியும் அவரவர் கம்பெனி பூஜைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். கம்பெனி நண்பர் ஒருவருக்குக் காட்டலாமென்று பதக்கத்தை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். "மாப்ளை, நம்மூட்டுப் பூசைக்கு வெக்கற சாமானெல்லாம் வெளக்கி வெச்சறட்டுங்களா?" என்று கேட்டார் மாமனார். வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே, "வெச்சுருங்க மாமா" என்றேன்.

சாயங்காலம் பொரிப் பையும் கையுமாக உள்ளே வந்தால், சாமி படத்துக்கு முன்னால் வாழையிலை. அதன்மேல் அரிவாள்மணை, மனைவியின் கத்தரிக்கோல். நடுவில், உறையெல்லாம் பிரித்து, புளி போட்டுத் தேய்த்து, என் நாணயங்கள் அத்தனையும்! ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். ஒரு தலைவர் பாக்கியில்லாமல் எல்லார் நெற்றியிலும் பொட்டு.

"அட கடவுளே! என்ன மாமா இப்படிப் பண்ணிப்போட்டீங்க! இதையெல்லாம் கழுவவே கூடாதுங்களே! இனி எந்தக் கண்காட்சியிலுங்க இதை வெக்க முடியும்?"

கற்பூரத் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். "அழுக்காத்தானுங்களே இருந்துச்சு..." என்றார். பிறகு, "வருசா வருசம் கட்டிங் மெஷினுக்குப் பொட்டு வெச்ச கைங்க. இங்க எனக்குன்னு ஒரு மெஷின் இல்லீங்களே. மாப்ளை உசுரா வெச்சிருக்கறது இதைத்தானேன்னு..." முடிக்காமல் தட்டைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வேறு யாராவது இருந்திருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். மாமனாரிடம் மேலே என்ன பேச? எங்கள் பக்கம் சண்டையையும் 'ங்க' போட்டுத்தான் போட வேண்டும்.

கொஞ்ச நேரத்தில் கம்பெனியிலிருந்து வந்த மனைவி, அவர் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. "ஏனுங்க, அப்பா பையில துணி அடுக்கறாருங்க. காலைல மொத பஸ்ஸுக்கு ஊருக்குப் போறாராமா. அங்க ஒத்தையில கெடந்து என்னங்க பண்ணுவாரு? இப்பப் போனா மறுபடி வரவே மாட்டாருங்க."

அது உண்மைதான். போனால் போனதுதான். "இருங்க மாமா" என்று கெஞ்சினாலும் பிரயோசனமில்லை; கெஞ்சிப் போட்ட சோறு அவருக்கு இறங்காது. அவர் வைத்த பொட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை. பாவம், எத்தனை நேரம் குனிந்து உட்கார்ந்திருப்பார்!

எழுந்து என் பையைத் திறந்தேன். பதக்கத்தை எடுத்துக்கொண்டு அறை வாசலில் போய் நின்றேன்.

"மாமா, இது ஒண்ணு விட்டுப்போச்சுங்க."

நிமிர்ந்து பார்த்தார். "கழுவக் கூடாதுன்னீங்களே?"

"அது கண்காட்சிக்காரங்க பேச்சுங்க. நம்மூட்டுச் சாமானுக்கு நம்மூட்டுப் பழக்கந்தானுங்களே. இதையும் வெளக்கிக் குடுத்தீங்கன்னா பூசையை முடிச்சறலாம்."

பதக்கத்தை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரொம்ப அழுக்குங்க மாப்ளை" என்றார். பிறகு சமையலறையிலிருந்த மகளைப் பார்த்து, "கண்ணு, இன்னுங் கொஞ்சம் புளி எடுத்துட்டு வா சாமி" என்று குரல் கொடுத்தார்.

குழாயடியில் அவர் தேய்க்கத் தேய்க்க எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்லக் கூடாது. கருப்பட்டி நிறமெல்லாம் தண்ணீரோடு ஓடியது. பருத்திக் காய் புதுக் குடம்போல மின்னியது. துண்டால் ஒற்றி, சந்தனம் தொட்டு, மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே பொட்டு வைத்தார்.

"அடுத்த வருசம் காலைலயே எடுத்துக் குடுத்துருங்க மாப்ளை. அவசரத்துல தேச்சா இடுக்குல இருக்கற அழுக்குப் போகமாட்டேங்குது" என்றார்.

மனைவி சத்தமில்லாமல் அறைக்குள் போய், பையிலிருந்த வேட்டிகளை எடுத்து அலமாரியில் வைத்தாள்.