புகழத் தெரியாத வழிகாட்டி

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி வழியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குக் கூடுதல் வெட்கம். கெட்டிக்காரியான ஒரு பெண்ணின் பதவி உயர்வை, அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே கவிழ்க்கப் பார்த்தவன் நான். அதுவும் அவருடைய வழிகாட்டி என்ற பட்டத்தோடு.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கறுப்பினப் பணியாளர்கள் நன்றாக வேலை செய்தும் மேற்பதவிகளுக்கு வருவது அரிதாக இருக்கிறது என்று, அவர்களோடு மூத்தவர்களை வழிகாட்டிகளாகச் சேர்த்துவிடும் திட்டம் ஒன்றை நிர்வாகம் தொடங்கியது. விரும்பியவர்கள் பெயர் கொடுக்கலாம், அறிமுகக் கூட்டத்தில் மதிய உணவும் உண்டு என்று மின்னஞ்சல் வந்தது. நான் பெயர் கொடுத்தேன். சேவையா சாப்பாடா, எது என்னை இழுத்தது என்பது என் வயிற்றைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எனக்குக் கிடைத்தவர் இழப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண். பெற்றோர் கானாவிலிருந்து வந்தவர்கள். அவர் வளர்ந்தது ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில், பாதிக்குப் பாதி தமிழர் குடியிருந்த ஒரு மாடிக் கட்டடத்தில். அதனால் முதல் நாளே என்னை ‘அங்கிள்’ என்றார். நாங்கள் பேசுவது ஆங்கிலம்தான், இங்கே என் தமிழில் தருகிறேன். ஆனால் அந்த அங்கிள் மட்டும் அவர் வாயிலிருந்து வந்தபடியே. அண்ணை என்றும் ஒரு சொல் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். என் தலைமுடி முன்பு இருந்த இடத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அங்கிளையே வைத்துக்கொண்டார்.

வழிகாட்டுவது என்றால் ரியூசன் கொடுப்பது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். காலையில் நேரத்துக்கு வரச் சொன்னேன். அவர் எனக்கு முன்பே வந்து கோப்பியும் குடித்து முடித்திருப்பார். இன்னொரு கோர்ஸ் எடுக்கச் சொன்னேன். நான் கேள்விப்படாத சான்றிதழ்களெல்லாம் அவரிடம் இருந்தன. கூட்டங்களில் வாயைக் குறைக்கச் சொன்னேன். அதற்கு அவர் சிரித்ததோடு சரி.

அவர் பிரிவின் குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பிறகு அந்த வேலையைப் பட்டமும் இல்லாமல், அதற்குரிய சம்பளமும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர்தான். ஒரு கோடை மழையில் ரொறன்ரோ வீடுகளின் பேஸ்மென்ற்றெல்லாம் குளமாகி, எங்கள் தொலைபேசிகள் ஓயாமல் அலறின. வயதானவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள வீடுகளை முதலில் திருப்பிக் கூப்பிடுவது என்று ஒழுங்கு போட்டவர் அவர். மற்றக் கிளைகள் பிறகு அதையே எடுத்துக்கொண்டன, அவர் பெயரை விட்டுவிட்டு. இப்போது அந்தப் பதவிக்கு ஒருவழியாக விண்ணப்பம் கோரியிருந்தார்கள். அவரும் போட்டிருந்தார்.

அந்த நாட்களில் ஒருநாள் லிஃப்ற்றில் எங்கள் பணிப்பாளர் என்னிடம் அவரைப் பற்றி விசாரித்தார். நான் என்ன சொன்னேன்? பரவாயில்லை, படிக்க இன்னும் நிறையக் கிடக்கிறது என்றேன். பெருமையில் நெஞ்சு விம்மச் சொன்னேன்.

எங்கள் வீடுகளில் அப்படித்தான். மகன் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பான். வந்தவர்கள் கேட்டால் தகப்பன், ‘என்னவோ படிக்கிறான்’ என்பார். தன் பிள்ளையைத் தானே புகழ்ந்தால் கண்ணூறு படும், கேட்பவருக்கும் அது நாகரிகமாக இராது. ஊரான் பிள்ளையை எவ்வளவும் புகழலாம். இந்தப் பெண்ணை நான் என் ஆளாக நினைத்துவிட்டேன், ஆகவே முறைப்படி குறைத்துச் சொன்னேன். பணிப்பாளருக்கு அந்த முறை தெரிந்திருக்க நியாயமில்லை.

இரண்டொரு நாளில் அந்தப் பெண் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நேர்முகப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணம் கேட்டதற்கு, வழிகாட்டியே இன்னும் காலம் வேண்டும் என்று நினைக்கிறாராம் என்று சொல்லியிருக்கிறார்கள்.

“அங்கிள், என்னைப் பற்றி என்ன சொன்னனீங்கள்?”

கண்ணூறு விவகாரத்தை அவருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். வெள்ளைக்காரன் பாஷையில் அது இன்னும் கேவலமாகக் கேட்டது. பக்கத்து வீட்டு அன்ரி மிளகாய் சுற்றிப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர் என்பதால் நடுவில் மறித்தார்.

“அது குழந்தைப் பிள்ளையளுக்கு. என்னைக் குறைச்சுச் சொல்ல இந்தக் கட்டடத்திலை ஏற்கெனவே வேண்டிய அளவு ஆக்கள் இருக்கினம். நீங்களும் சேர வேண்டாம்.”

சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெல்லத்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், மற்றவர்களைக் குற்றம் சொல்லும் தொனியில் கதையைத் தொடங்கினேன். அவள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள், திரும்பவும் இல்லை.

“உங்களை அந்த அண்ணை உள்ளுக்கை எடுக்கேக்கை பரவாயில்லை எண்டே சொன்னவர்? பெரிய விண்ணன் எண்டு பச்சைப் பொய் சொல்லியெல்லோ எடுத்தவர். அந்தப் பிள்ளையைப் பற்றி நீங்கள் பொய் சொல்லவும் தேவையில்லை.”

உண்மை. எனக்கு முன்பே அங்கே வேலை செய்த ஒரு யாழ்ப்பாணத்து அண்ணைதான் எனக்காக வாயைத் திறந்தவர். அவருக்காக வேறொருவர் திறந்திருப்பார். அந்தப் பெண்ணுக்காக அப்படி வாயைத் திறக்கக்கூடிய ஒரே ஆள் நான். அந்த ஆளும் தன்னடக்கம் காட்டிவிட்டு வந்திருந்தான்.

மறுநாள் காரில் வரும்போதே புகழ்ந்து பழகினேன். ‘மிகச் சிறந்தவர்’ என்று சொல்ல முயன்றேன், இருமல் வந்தது. சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்த பெண்மணி கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். பணிப்பாளரின் அறைக்குள் நுழைந்ததும் பழகியதெல்லாம் மறந்துபோய், நான் சொன்னது பிழை என்பதில் தொடங்கி, மழை வாரத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கிளைகள் பயன்படுத்தும் ஒழுங்கு யாருடையது என்றேன். தலைவர் இல்லாத காலமெல்லாம் அந்தப் பிரிவு யாரால் ஓடியது என்றேன். இந்தப் பதவிக்கு அவரைவிடப் பொருத்தமான ஒருவரை எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது சட்டை நனைந்திருந்தது. அப்படியானால் முதலில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று பணிப்பாளர் கேட்டார். அன்பினால் என்றேன். பிறகு பட்டியலை எடுத்து அந்தப் பெண்ணின் பெயரைச் சேர்த்தார்.

நேர்முகத்தை அந்தப் பெண்ணே பார்த்துக்கொண்டார். அதில் என் வாய்க்கு வேலை இருக்கவில்லை, கடவுளுக்கு நன்றி. பதவி அவருக்குத்தான் கிடைத்தது. அறிவித்த அன்று பிரிவு முழுக்கக் கைதட்டியது. சத்தம் ஓய்ந்ததும் நான் மெல்ல அவர் பக்கத்தில் போய் நின்றேன். ஏதாவது கிடைக்கும் என்ற நப்பாசை. இவ்வளவு காலமும் என்னிடமிருந்து என்ன கற்றுக்கொண்டீர் என்று கேட்டேன்.

“பொறுமை, அங்கிள்.”