கோடையை எடுக்க விடாத காளீஸ்வரி

செட்டியார்பட்டிக் காளீஸ்வரிக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். "கம்ப்யூட்டர்ல விளையாட்டுச் செய்யவா இம்புட்டுப் படிச்ச?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பஸ்ஸே போனாலும் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் நகருவாள். சென்னையில் பார்த்த வேலையை உதறிவிட்டு வந்தவள் அவள். குடியிருப்பு ராஜபாளையத்தில், வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில். கூட இரண்டே பேர்: கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஸ்டெபின், அவனுடைய அக்கா எலினா. மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு ஆன்லைன் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார்கள். எலினா படம் வரைவாள், ஸ்டெபின் புரோகிராம் எழுதுவான். எது நடந்தால் அதைத் தொட்டு எது நடக்கும் என்று தீர்மானிக்கிறவள் காளீஸ்வரி. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, சும்மாவா வந்தது!

விளையாட்டில் ஏழு ஊர், ஒரே கண்மாய். எங்கெங்கோ இருக்கிறவர்கள் உள்ளே வந்து ஒருவர் நெல் போடும் சம்சாரியாவார், ஒருவர் வியாபாரியாவார், ஒருவர் ஆடு மேய்ப்பார். மலையில் மழை பெய்தால் கண்மாய் பெருகும், நெல் விளையும். அதிகம் விளைந்தால் சந்தையில் விலை இறங்கும். விலை இறங்கினால் வியாபாரி மலை தாண்டிப் போவான், போகிற பாதையில் கள்ளன் காத்திருப்பான். ஒன்றை அசைத்தால் எல்லாம் அசைய வேண்டும். இந்தக் கோர்வைக்காகத்தான் அவள் ராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டாள்.

ஆட்டத்தில் முதல் கோடை வந்தது, கண்மாய் வற்றியது. உடனே புகார்கள் குவிந்தன. 'சர்வர் கோளாறு. தண்ணீரைக் காணோம்.' பாதிப் பேர் வெளியேறிவிட்டார்கள்.

"காளி, கோடையைத் தூக்கிருவோம். வருசம் பூரா தண்ணி கெடக்கட்டும்" என்றான் ஸ்டெபின்.

"தூக்கிட்டா? மழைக்கு என்னலே வேலை? விலை எதுக்கு ஏறும், எதுக்கு எறங்கும்? பொறவு பொம்மை வச்சுல்லா விளையாடணும்!"

"ஆளே இல்லாத ஆட்டத்துல கோர்வை இருந்து என்ன செய்ய?"

காளீஸ்வரி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு புகார்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசிக்க வாசிக்கத்தான் உறைத்தது. அவள் ஊரில் கண்மாய் வற்றினால் யாரும் பதறமாட்டார்கள், மீன் பிடிக்கக் கூடையைத் தேடுவார்கள். மீன் பிடித்து முடிந்ததும் வயலுக்கு உரமாக அடியில் படிந்த கரம்பை மண்ணை அள்ளுவார்கள். ஆட்டத்திலும் சேற்றுக்குள் மீனையும் கரம்பையையும் அவள் வைத்துத்தான் இருந்தாள். ஆனால் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உலகத்துக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டாள், கிறுக்கச்சி!

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் விடு. பொறவு உன் இஷ்டம்" என்றாள் ஸ்டெபினிடம். அவனும் சரி என்றான்.

மறுநாளிலிருந்து ஆட்டத்தின் ஏழு ஊரிலும் தமுக்கடித்தார்கள்: ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் மீன்பிடி, எல்லாரும் வரலாம். எலினா வெள்ளைத் துண்டோடு ஒரு ஊர்ப் பெரியவரை வரைந்து கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கரை கொள்ளாத கூட்டம். இறங்கலாம் என்று பெரியவர் துண்டை வீசினார். ஒருத்தரும் இறங்கவில்லை. ஸ்டெபின் காளீஸ்வரி பக்கம் திரும்பவே இல்லை. செத்த நேரம் கழித்து, எந்த ஊர்க்காரரோ, ஒருவர் சேற்றில் குதித்து ஒரு விராலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் சரிந்து உள்ளே விழுந்தது.

மீன் குவிந்தது. உப்புப் போட வேண்டுமே, உப்பு விலை எகிறியது. வியாபாரிகள் வண்டி வண்டியாக உப்பைக் கொண்டுவந்து கொட்டினார்கள். கொட்டிய வண்டியை வெறுமனே திருப்ப மனசில்லாமல், கரம்பை மண்ணை ஏற்றி மேட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றார்கள்.

"ஆண்டவரே! இதையும் நீ எழுதி வச்சிருந்தியா?" என்றான் ஸ்டெபின்.

"நான் எங்க எழுதுனேன்? அதுவா நடக்குதுலே!" என்று எழுந்து நின்றாள். பெற்ற பிள்ளை முதல் அடி எடுத்து வைத்ததைப் பார்த்தவள் போல் திரையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். எலினாதான் அவளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கோடை தப்பியது. ஆட்டத்தில் மழைக்காலம் வந்து கண்மாய் நிரம்பியது. கரம்பை போட்ட வயலிலெல்லாம் நெல் கறுகறுவென்று நின்றது. வெளியேறியவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பியிருந்தார்கள். ஒருநாள் காலை ஸ்டெபின் ஒரு புகாரைத் திறந்துவிட்டுச் சிரித்தான். தண்ணீரைக் காணோம் என்று எல்லாரையும்விட அதிகமாகக் கத்தியவர்தான் எழுதியிருந்தார்.

"'கண்மாய் எப்போது வற்றும்? எத்தனை நாள்தான் காத்திருப்பது?'" என்று உரக்க வாசித்தான்.

காளீஸ்வரி நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இன்னொருக்கா வாசிலே."