பேப்பர் கப் வாங்க மாட்டேன்

தஞ்சாவூரில் விதையும் உரமும் மொத்தமாக விற்கும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் அப்போது வேலை பார்த்தேன். பேனா, பேப்பர், பினாயில், டீ குடிக்கப் பேப்பர் கப் என்று அலுவலகத்துக்கு வேண்டியதை வாங்கிப்போடுவதும் என் வேலைதான். கட்டடத்துக்குப் பின்னால் ஒரு பாசன வாய்க்கால் ஓடியது. ஓடியது என்பது தண்ணீர் விடும் மாதங்களில். மற்ற மாதங்களில் நாங்கள் குடித்துப் போட்ட கப்புகள் அதில் குவிந்து கிடக்கும். தண்ணீர் வந்ததும் அத்தனையும் கிளம்பிப் போய் யாரோ ஒருவர் வயலின் மடையை அடைத்துக்கொள்ளும்.

எனக்கு ஊர் திருவையாறு பக்கம். கூலிக்கு நடவு நட்டு என்னைப் படிக்கவைத்தவள் என் அம்மா. மடையில் கை விட்டுக் குப்பை அள்ளுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். மேனேஜர் உடனே ஒத்துக்கொண்டார். தலைமை அலுவலகமும் குப்பையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறது, இனி பேப்பர் கப் கிடையாது, எல்லோருக்கும் எவர்சில்வர் டம்ளர் வாங்குங்கள் என்றார்.

யார் யாருக்கு டம்ளர் என்று பட்டியல் எழுதி நிர்வாக அதிகாரியிடம் கொடுத்தேன். பட்டியல் திரும்பி வந்தபோது கடைசி மூன்று பெயர்களை அவர் அடித்திருந்தார். கூட்டிப் பெருக்கும் அக்கா, கழிவறை கழுவும் பெண், வாட்ச்மேன். ஏன் சார் என்று கேட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்களுக்குப் பேப்பர் கப்பே வாங்கிடுங்கம்மா. மூணு கப்புதானே."

"பேப்பர் கப் கிடையாதுன்னு மேனேஜர் சொல்லிட்டாரே சார்."

"புரியாத மாதிரி பேசாதீங்க."

புரிந்துதான் பேசினேன். அந்த மூவரும் பின்படியில் உட்கார்ந்துதான் டீ குடிப்பார்கள். எல்லோருக்கும் பேப்பர் கப் என்றிருந்தவரை அது என் கண்ணில் உறுத்தவில்லை. அதை நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

நான் பேப்பர் கப் வாங்கவில்லை. டம்ளர் வந்த முதல் நாள், டீக்காரர் பின்படிக்குப் போய் எதில் ஊற்றுவது என்று தெரியாமல் நின்றார். என் டம்ளரைக் கழுவிக் கொண்டுபோய் அக்காவிடம் நீட்டினேன். அவர் குடித்தார். கழுவி வாங்கி வந்து, அதே டம்ளரில் ஹாலில் எல்லோர் முன்னாலும் நானும் குடித்தேன். பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். என்னவோ பெரிதாகச் செய்துவிட்டதாக எனக்குள் ஒரு மிதப்பு.

சாயங்காலம் அக்கா என்னை வண்டி நிறுத்துமிடத்தில் மடக்கினார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"ஏம்மா, ஒன் டம்ளர நான் கேட்டனா? எனக்கு வேணும்னா எனக்குக் கேக்கத் தெரியாதா?"

மன்னிச்சிடுங்கக்கா என்று மட்டும் சொன்னேன். அவர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று போய்விட்டார்.

மறுநாள் பதினோரு மணிக்கு அக்கா வீட்டிலிருந்து கொண்டுவந்த டம்ளரோடு நேராக ஹாலுக்குள் வந்தார். எங்கள் டம்ளர்கள் இருந்த தட்டில் அதையும் வைத்து, "எனக்கும் இதுலயே ஊத்துங்க" என்று டீக்காரரிடம் சொன்னார். ஊற்றினார். அக்கா அங்கேயே ஜன்னலோரம் நின்று நிதானமாகக் குடித்தார். தன் டம்ளரை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டார்.

மற்ற டம்ளர்கள் தொட்டியில் கிடந்தன. அவற்றையும் அவர்தான் கழுவவேண்டும் என்று முதல் நாளே யாரும் சொல்லாமல் ஒரு ஏற்பாடு ஆகியிருந்தது. நிர்வாக அதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது அக்கா குரலை உயர்த்தவில்லை.

"நான் கூட்டிப் பெருக்க வந்தவ சார். அவங்கவங்க குடிச்சத அவங்கவங்க கழுவிக்கட்டும்."

இரண்டு நாள் தொட்டியில் டீக்கறையும் எறும்புமாகக் கிடந்தது. சிலர் எதிரிலிருந்த டீக்கடையில் பேப்பர் கப்பில் வாங்கி வந்து குடித்தார்கள். பழையபடி கப் வாங்கச் சொல்லி நிர்வாக அதிகாரி என்னிடம் தாளை நீட்டினார். மேனேஜர் கையெழுத்துப் போட்டால் வாங்குகிறேன், இல்லாவிட்டால் மாட்டேன் என்றேன். கப் வேண்டாமென்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்ட மேனேஜர் கையெழுத்துப் போடவில்லை. தொட்டியை எட்டிப் பார்த்தவர், ஆளாளுக்குக் கழுவுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். நியாயத்துக்காகச் சொன்னாரா, நாற்றத்துக்காகச் சொன்னாரா தெரியாது. மறுவாரம் மற்ற இருவருக்கும் டம்ளர் வாங்கினேன். அக்கா மட்டும் கம்பெனி டம்ளர் வேண்டாமென்றுவிட்டார்.

நிர்வாக அதிகாரி அதன்பிறகு எங்களோடு டீ குடிக்கவில்லை. வீட்டிலிருந்து பிளாஸ்க் கொண்டுவந்தார். என்னைப் புறவழிச்சாலைக் குடோனுக்கு மாற்றினார்கள். உர மூட்டை நெடியில் முதல் மாதம் தலைவலி விடவே இல்லை. வாய்க்காலில் எங்கள் கப்புகள் விழுவது நின்றது. மேற்கே இருந்த கல்யாண மண்டபத்துக் குப்பை நிற்கவில்லை. அதை அள்ளுவது யார் பொறுப்பு என்று கேட்டு நான் பொதுப்பணித்துறைக்கு எழுதிய இரண்டு மனுக்களுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதும் எழுதினேன்.

வருடக் கடைசியில் என் வேலையைப் பற்றிய மதிப்பீட்டுத் தாள் குடோனுக்கு வந்தது. 'மேலதிகாரிகளுடன் ஒத்துழைப்பு போதாது' என்று எழுதியிருந்தது. படித்து ஏற்றுக்கொண்டேன் என்று அச்சடித்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போடவேண்டும். 'ஏற்றுக்கொண்டேன்' என்ற சொல்லை மட்டும் நன்றாக அழுத்தி அடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.