அவர் கற்றுத்தந்த ‘போதும்’

மரக்காணத்தில் எங்கள் தேவாலயத்தின் பின்னறையில் புதன்கிழமைகளில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்ல வந்த அந்தப் பெண்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். பேசத் தொடங்குமுன் செருப்பைக் கழற்றி, இரு பாதங்களையும் தரையில் பதித்து, மூன்று முறை நிதானமாக மூச்சு விடுவார்.

திருமணமாகிப் பதினோரு ஆண்டுகளாகியும் நான் தொட்டாலே என் மனைவியின் உடல் இறுகிவிடும். அது தன் பாவமோ என்று அவரிடம் சொல்லி அழுதாள்.

“பாவம் இல்லம்மா. என்னிக்கோ பயந்தத உங்க மூளை மறக்கல, இன்னும் காவல் காக்குது. கர்த்தர் குடுத்த உடம்ப திட்டாதீங்க,” என்றவர் என் பக்கம் திரும்பினார். “தினம் பத்து நிமிஷம் அவங்க கைய மட்டும் புடிங்க. போதும்னு சொன்னா உடனே எடுத்துடணும்.”

உப்பளத்தில் வருகைப்பதிவு எழுதுபவன் நான். பழக்கத்தில் நோட்டைத் திறந்து, “எத்தன மணிக்குங்க?” என்றேன்.

“ஏன் சார், லேட்டா வந்தா ஆப்சென்ட் போடுவீங்களா?” என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

நான்காம் நாள் மாலை, இரண்டாவது நிமிடத்தில் என் மனைவி “போதும்” என்றாள். கையை எடுத்தேன். சற்று நேரம் என்னையே பார்த்தாள்.

“நெசமாவே எடுத்துட்டீங்க,” என்றாள். பிறகு அவளே என் விரல்களைப் பற்றிக்கொண்டாள்.

இப்படி நடக்கும் என்று அந்தப் பெண்மணிக்கு முன்பே தெரிந்திருந்ததா? பலமுறை கேட்க நினைத்தும் இன்றுவரை கேட்கவில்லை.